சாமி பாட்டு ஃபோல்டர்

இன்று காலை ஆபீசைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உங்கள் கீபோர்டுதான், அண்ணே. ஜே எழுத்தின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. ஆயுத பூஜை முடிந்து, மறுநாள் விடுமுறையும் கழிந்து, அறை முழுக்க இன்னும் பொரியும் வாழையிலையும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசனை.

எஃப், ஜே இரண்டு எழுத்திலும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்னக் கோடு இருக்கும். அது எதற்கென்று இந்த ஆபீசில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. உங்கள் விரல்கள் அந்த இரண்டு கோட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் மற்ற எழுத்துகளுக்குக் கிளம்பும். சரியாக அதன் மேல்தான் வருடா வருடம் சந்தனத்தை அப்புவார்கள். நீங்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டே, "சாமி உக்காந்திருக்காரு தங்கச்சி. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இன்றைக்கும் வரவில்லை.

இறந்துபோனவரைத் திட்டக் கூடாது என்று அம்மா சொல்வார். நான் திட்டத்தான் போகிறேன். உங்களை மட்டும் இல்லை, எல்லோரையும். ஆனால் உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மேல்தான் கோபம் அதிகம்.

நீங்கள் இந்தப் பார்சல் ஆபீசுக்கு வந்த புதிதில் உங்களை விசாரணை மேஜையில் உட்கார வைத்தார்கள். போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போட்ட பூக்கூடை எங்கே போனது, கோயம்புத்தூர் மோட்டார் வந்துவிட்டதா, ஏன் வரவில்லை. குரல் நன்றாக இருக்கிறது, கண் தெரியாவிட்டால் என்ன, போன்தானே என்று நினைத்துத்தான் போட்டிருப்பார்கள். பதில் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நீங்களே கொண்டுவந்திருந்தீர்கள். மற்ற எல்லாவற்றையும் அது வாசித்தது. நம் புக்கிங் மென்பொருளைத் திறந்தால் மட்டும், அந்தக் குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். எந்தப் பட்டன் என்று சொல்லாது. எழுதியவன் எந்தப் பெட்டிக்கும் பெயர் வைக்கவில்லை. படம் மட்டும் ஒட்டியிருந்தான். நாங்கள் படத்தைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தோம். நீங்கள் எத்தனையாவது பட்டன் என்று எண்ணி எண்ணி வேலை செய்துகொண்டிருந்தீர்கள்.

இந்த ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆட்-ஆனைச் செய்தோம். அந்த வாசிக்கும் மென்பொருளோடு ஒட்டவைக்கிற சின்னத் துண்டு. அது இருந்தால் "பட்டன்" என்பதற்குப் பதில் "அனுப்புநர்", "ரசீது எண்", "எடை", "வண்டி கிளம்பிய நேரம்" என்று குரல் சொல்லும். நான் எழுதுவேன், நீங்கள் கேட்டுவிட்டு முகத்தைச் சுளிப்பீர்கள். "எடை எவ்வளவுன்னு இழுத்துச் சொல்லுது. எம்புட்டுன்னு மட்டும் சொல்லச் சொல்லு, அதுக்குள்ள அந்தாளு போனை வச்சிருவான்." குரலின் வேகத்தை நீங்கள் கூட்டிக் கூட்டி, கடைசியில் எனக்கு அது எண்ணெய் காய்ந்த சட்டியில் கடுகு பொரிகிற மாதிரிதான் கேட்டது. உங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. அதில் உங்களுக்கு ரொம்பப் பெருமை. "இந்த ஸ்பீடுல கேக்குறதுக்கு மதுரை ஜில்லாவுல ஆள் கிடையாது" என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

ஆட்-ஆன் வேலை செய்தது. அதற்கப்புறம் இந்த ஆபீசிலேயே சீக்கிரம் பதில் சொல்கிற ஆள் நீங்கள்தான். அதெல்லாம் அடுத்து வந்த ஆயுத பூஜை வரைக்கும்தான்.

பூஜைக்கு முதல் நாள் நம் ஆபீசில் எல்லாவற்றையும் சுத்தம் செய்வார்கள். மேஜையைத் துடைத்து, தராசைக் கழுவி, வண்டிகளுக்குத் தண்ணீர் அடித்து, கடைசியில் கம்ப்யூட்டர். ஆனையூரிலிருந்து சர்வீஸ் பார்க்கிற குமரேசன் வருவார். ஒவ்வொரு மெஷினிலும் ஆபீஸ் மென்பொருள்கள் இருக்கிற பொது ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டு, ஆட்களின் லாகினில் இருப்பதையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் திறந்து கொடுப்பார். பழைய துணியை எரிக்கிற மாதிரி ஒரு திருப்தி அவர் முகத்தில் இருக்கும். "சொந்தச் சாமான் ஏதும் இருந்தா பென்டிரைவ்ல எடுத்துக்கங்கப்பா" என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். கல்யாண போட்டோ, பிள்ளையின் மார்க் ஷீட், சினிமாப் பாட்டு, இதெல்லாம்தான் சொந்தச் சாமான்.

உங்கள் ஆட்-ஆனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த வாசிக்கும் மென்பொருள் ஆட்-ஆன்களைத் தானாகக் கொண்டுபோய் வைப்பது அவரவர் லாகினுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு ஃபோல்டரில். யாரும் உட்கார்ந்து யோசிக்காவிட்டால் அது அங்கேதான் போய் விழும். பூஜை முடிந்து நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். சந்தனத்தைச் சுரண்டினீர்கள். கம்ப்யூட்டர் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கண்ணு தெரியாதவரை இந்த சீட்டுல போட்டா இப்பிடித்தான் சிக்கல் வரும்னு நான் அப்பவே சொன்னேன்." அழித்தது குமரேசன். அழிக்கச் சொன்னது மேனேஜர். சிக்கல் மட்டும் உங்கள் கண்ணில் இருந்ததாம்.

என்னிடம் ஒரு நகல் இருந்ததால் மறுபடி போட்டுவிட்டேன். அதோடு விடவில்லை. மேனேஜரிடம் போய், இதைப் பொது ஃபோல்டரில் வைத்துவிடுவோம் சார், யார் எந்த லாகினில் வந்தாலும் வேலை செய்யும், சுத்தம் செய்தாலும் போகாது என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒரு ஆளுக்காக அங்க வைக்க முடியுமாம்மா? அது எல்லாருக்கும் பொதுவான எடம்" என்றார்.

அந்தப் பொதுவான இடத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்கு வாசித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? பில்லிங், பிரிண்டர், தராசு, அடுத்தது ராகு காலம். தினமும் முதல் வண்டியை எத்தனை மணிக்குக் கிளப்பலாம் என்று பார்ப்பதற்காக மேனேஜரின் மைத்துனர் கொண்டுவந்து போட்ட பஞ்சாங்க மென்பொருள். அதைப் பார்க்கிற ஒரே ஆள் மேனேஜர். அது பொது. நாள் முழுக்க ஊர்க்காரர்களுக்கு எல்லாம் பதில் சொல்ல உதவிய உங்கள் குரல் சொந்தச் சாமான்.

நான் அங்கேயே சண்டை போடுவதற்கு வாயைத் திறந்தேன். நீங்கள் பின்னால் வந்து நின்று, "விடு தங்கச்சி, திரும்பப் போட்டுக்கலாம்" என்றீர்கள். இந்த 'விடு' இருக்கிறதே, அதுதான் உங்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். பஸ்ஸில் உங்கள் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்தால் விடு. மேனேஜர் உங்களைப் பற்றி உங்கள் எதிரிலேயே என்னிடம் பேசினால் விடு. எத்தனை பேருக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அவர்களில் ஒருத்தராவது உங்களுக்காக எதையாவது விட்டார்களா?

அடுத்த வருடமும் அழிந்தது. அடுத்த வருடமும் போட்டோம். அதற்கப்புறம் அது அழியவே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டதற்கு நீங்கள் ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

"டி டிரைவ்ல சாமி பாட்டு ஃபோல்டர் இருக்குல்ல? அதுக்குள்ள போட்டுட்டேன். லாகின் புதுசாத் தொறந்தாலும் அங்கேருந்து எடுத்துக்கிற மாதிரி ஒரு வழி பண்ணிட்டேன். சாமி பாட்டை எவன் அழிப்பான்?"

உண்மைதான். ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் ஸ்பீக்கரில் போடுகிற பக்திப் பாட்டுகள் உங்கள் மெஷினில்தான் இருந்தன. குமரேசன் டி டிரைவில் கிடப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் துடைப்பார், அந்த ஃபோல்டர் பக்கம் மட்டும் போகமாட்டார். போனால் சாமி குத்தம். பிள்ளையார் பாட்டுக்கும் முருகன் பாட்டுக்கும் நடுவில் நம் ஆட்-ஆன் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. "இது என்னண்ணே, திருட்டுத்தனமா குடியிருக்கிற மாதிரி" என்றேன். "குடியிருந்தாப் போதும்ல" என்றீர்கள்.

போதாது அண்ணே. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். வேலை செய்கிற ஆளுக்கு வேலை செய்வதற்கான சாமான் இருக்கிற இடம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பில்லிங் எங்கே இருக்கிறது என்று கேட்டால் குமரேசன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உங்கள் குரல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதைச் சாமர்த்தியம் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

போன வருடம் ஆயுத பூஜைக்குப் பாட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. மேனேஜர் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவிட்டார். போனிலிருந்தே பாட்டு ஓடியது. "இனிமே அந்தப் பாட்டு ஃபோல்டர் எதுக்குப்பா, எடத்தை அடைச்சுக்கிட்டு" என்று குமரேசனிடம் சொல்லிவிட்டார். அழிக்கப் போன குமரேசன், பாட்டுக்கு நடுவில் பாட்டு இல்லாத ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்தார். அவரும் பயந்துபோனார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். "சார், சாமி பாட்டுக்குள்ள எவனோ என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்கான். வைரஸா இருக்கும் போல."

அவ்வளவுதான். ஒளித்து வைத்ததால் அது திருட்டுச் சாமான் ஆகிவிட்டது. நான் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நல்ல சாமான்னா எதுக்கும்மா ஒளிக்கணும்?" என்றார். எனக்குப் பதில் தெரியும். பொது இடத்தில் வைக்க நீங்கள் விடவில்லை சார், அதனால்தான் அண்ணன் ஒளித்தார் என்று கத்தினேன். கத்தினது தப்பாகப் போயிற்று. தலைமை ஆபீசிலிருந்து அனுமதி வராமல் வெளியாள் எழுதிய எதையும் எந்த மெஷினிலும் போடக் கூடாது என்று உத்தரவு. அதைச் செய்த நாம் இரண்டு பேரும் இதே ஆபீசில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனாலும் வெளியாள்.

அனுமதி கேட்டு எழுதினோம். பதில் வரும் வரைக்கும் உங்களை கோடவுனில் உட்கார வைத்தார்கள். பார்சல்களில் கட்டுகிற அட்டைகளுக்குக் கயிறு கோக்கிற வேலை. நான் டீ வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம், மூட்டைகளுக்கு நடுவில் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தை வெளிச்சம் வருகிற பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெளியே போன் அடிக்கிற சத்தம் கேட்டால் உங்கள் கை தானாக எழுந்து, பிறகு மடியில் விழும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன் பாருங்கள்.

"பதில் வந்துருமா தங்கச்சி?" என்று ஒருநாள் கேட்டீர்கள். வந்துரும் அண்ணே என்றேன். "வந்தா எங்கே போடப் போற?" என்றீர்கள். பொது ஃபோல்டரில்தான், வேறு எங்கே என்றேன். கயிறு கோக்கிற கையை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "முதல்லயே நீ சொன்னப்ப நானும் உங்கூட நின்னுருக்கணும்." இத்தனை வருடத்தில் நீங்கள் 'விடு' சொல்லாத ஒரே தடவை அதுதான்.

தை மாதம் ஒரு விடிகாலையில் ஆனையூர் வீட்டில், பல் விளக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் முழுக்க வந்தது. மேனேஜர் மாலை போட்டுவிட்டு, "நல்ல மனுசன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்லை" என்று அழுதார். நிஜமாகவே அழுதார். எனக்கு அந்த மாலையைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

பதில் வந்தது அண்ணே. உங்களுக்காக வரவில்லை. போன மாதம் தலைமை ஆபீஸ் நம் விசாரணை மேஜைக்கு ஒரு பெண்ணை எடுத்தது. ஜெயந்தி என்று பெயர், டி. கல்லுப்பட்டிக்காரர். அவருக்கும் பார்வை இல்லை. வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் போன் போட்டுக் கேட்ட கேள்வி: "உங்க புக்கிங்கை வாசிக்க ஆட்-ஆன் இருக்கா? எந்த ஃபோல்டர்ல இருக்கு? எல்லா லாகின்லயும் வருமா, இல்ல என் லாகின்ல மட்டுமா?" இவ்வளவு வருடமாக நான் உங்களைக் கேட்கச் சொன்ன கேள்வியை அவர் வேலையில் சேரும் முன்பே கேட்டுவிட்டார். தலைமை ஆபீசுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எது எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தி அனுப்பச் சொல்லி இங்கே எழுதினார்கள். மேனேஜர் என் மேஜையில் கொண்டுவந்து போட்டார்.

பாட்டு, போட்டோ, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அவரவர் லாகினில் என்று எழுதினேன். ஆபீஸ் வேலைக்கு எது வேண்டுமோ அது, ஒரு ஆள் பயன்படுத்தினாலும், பொது ஃபோல்டரில் என்று எழுதினேன். அதன் கீழே ஆட்-ஆனைச் சேர்த்தேன். மேனேஜர் படித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதுக்கு அண்ணன் பேரையே வச்சிருவோம்மா. ஃபோல்டரைத் தொறக்கும்போதெல்லாம் ஒரு நினைவா இருக்கும்ல" என்றார்.

"வேணாம் சார்."

"ஏம்மா, மரியாதைதானே?"

"பேரைப் போட்டா அது ஒரு ஆளோட சாமானாயிரும் சார். ஆளு போனதும் சாமானையும் தூக்கிருவீங்க. இத்தன நாளும் அதத்தான் செஞ்சீங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. பூஜைக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை பின்னால் வந்து நின்று 'விடு' என்று சொல்ல யாரும் இல்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

குமரேசன் வந்தார், வாசலில் நின்று குரல் கொடுத்தார், எல்லாவற்றையும் துடைத்தார். இன்று காலை ஜெயந்தி வந்தார். மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார், அந்தக் கோபம் முகத்தில் மீதி இருந்தது. எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. கீபோர்டைத் தடவினார். "இதென்ன, ஜே மேல என்னமோ காஞ்சு போய்க் கெடக்கு?" "சந்தனம்" என்றேன். "சாமி கும்பிடுறவங்க மானிட்டருக்கு வைக்கக் கூடாதா? விரல் வைக்கிற எடத்துலயா வைப்பாங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சுரண்டிப் போட்டார்.

புக்கிங்கைத் திறந்தார். அவருடைய புத்தம் புது லாகினில், கேட்காமலே, குரல் வந்தது. அனுப்புநர், ரசீது எண், எடை. நீங்கள் வைத்த வேகத்தையே நான் அதிலும் போட்டு வைத்திருந்தேன், மதுரை ஜில்லாவில் ஆள் கிடையாது என்ற அந்த வேகம். ஜெயந்தி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதுக்கு முன்னால இருந்தவரு வச்சதா? ஏன் இம்புட்டு மெதுவா வச்சிருக்காரு?" என்று சொல்லி இரண்டு தட்டுத் தட்டி வேகத்தைக் கூட்டிவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் மூன்று நாள் அவரோடு பேசியிருக்க மாட்டீர்கள்.

பத்து மணிக்கு முதல் போன் வந்தது. எடுத்தார், பதில் சொன்னார், வைத்தார். கோடவுன் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை அண்ணே. மேனேஜர் மேலும் ஆறவில்லை, உங்கள் மேலும் ஆறவில்லை. அந்தக் கோபம் என் சொந்தச் சாமான், எந்த பூஜைக்கும் யாரும் துடைக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறேன். நம் ஆட்-ஆன் பொது ஃபோல்டரில் இருக்கிறது. பில்லிங், பிரிண்டர், தராசு, ராகு காலம், அதற்கு அடுத்து 'விசாரணை' என்று ஒரு ஃபோல்டர். உங்கள் பெயர் அதில் எங்கேயும் இல்லை. இனி அதை யாரும் அழிக்க மாட்டார்கள்.